காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதே

அன்பு மகளே,

நான் தஞ்சாவூருக்குப் போகும் நாட்களில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள மெல்பர்னிலிருந்து நீ சிங்கப்பூர் வருவது எனக்குப் பெரிய நிம்மதி. மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்துவிட்டேன். அவருக்குக் கல்லீரலில் சிரோசிஸ் இருப்பதால், என் பயமெல்லாம் ரத்தத்தில் கிருமி ஏறுவதைப் பற்றித்தான்.

போன வருஷம் அது வந்தபோது அவருக்கு உடம்பு சுடவே இல்லை. காலையில் தமிழ் முரசைப் பிரித்தவர், வெகுநேரம் கழித்தும் முதல் பக்கத்திலேயே இருந்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். "டீ ஆறிப்போச்சு" என்றார். கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. அன்று இரவே ஐசியூ.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். குடலிலிருந்து வரும் ரத்தத்தைக் கல்லீரல் சல்லடைபோல் வடிகட்டுமாம். சிரோசிஸில் கல்லீரல் தழும்பேறி இறுகிவிடுவதால் ரத்தத்தில் ஒரு பங்கு வேறு வழியாகச் சுற்றிப் போய்விடுகிறது. குடலில் சும்மா கிடக்கும் ஈ.கோலைக் கிருமி கூட உயிருக்கு உலை வைத்துவிடும். நோய் எதிர்ப்புச் சக்தியும் குறைந்துபோவதால் சில சமயம் காய்ச்சலே காட்டாது.

உன்னைப் பார்த்ததும் சார் குவே தியாவ் நூடுல்ஸ் வேண்டும் என்று கெஞ்சுவார். அதில் அரைவேக்காட்டுக் கெராங் என்ற சிப்பி வகை இருக்கும், வாங்கித் தராதே. பச்சைச் சிப்பியும் கூடாது. கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் கிருமி கல்லீரல் நோயாளியின் ரத்தத்தில் பரவினால் பாதிப் பேருக்கு மேல் பிழைப்பதில்லை. எலுமிச்சை பிழிந்தாலும் அது சாகாது. 2015இல் இங்கே நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாதவர்களுக்கே ரத்தத்தில் தொற்று ஏறியது. அதற்குப் பிறகுதான் அப்படி விற்கத் தடை போட்டார்கள்.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நடக்கட்டும், ஆனால் பாதத்தில் வெடிப்பு இருப்பதால் கடலில் இறங்க விடாதே. காலில் சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் அன்றைக்கே காட்டிவிடு. வலி என்றால் ஐபுபுரூஃபன் மாத்திரை கொடுக்கவே கொடுக்காதே, கிட்னியைக் கெடுத்துவிடும்.

பேச்சு குழறினாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, குளிர் நடுக்கம், வயிற்று வலி வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ ஆம்புலன்சுக்கு 995க்கு அடி. வந்தவர்களிடம் முதல் வார்த்தையாகச் சிரோசிஸ் என்று சொல். ஆன்டிபயாடிக் ஏற்றத் தாமதமாக ஆக ஆபத்து கூடும். "படுத்தா சரியாயிடும்மா" என்பார், கேட்காதே. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்றும் நிற்காதே. ஆம்புலன்சில் ஏறிய பிறகு எனக்குப் போன் பண்ணு, எந்நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா