பூக்காத டொக்வூட் கன்றுகள் குறித்து எம் வாடிக்கையாளர்களுக்கு

அன்புடையீர்,

எம் நாற்றுமேடையில் வாங்கிய பூக்கும் டொக்வூட் கன்றுகள் இரண்டு வசந்தங்கள் கடந்தும் பூக்கவில்லை என்றும், நாம் தெரிந்துகொண்டே மலட்டுக் கன்றுகளை விற்றோம் என்றும் ஸ்காபரோவில் ஒரு பேச்சு பரவுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பூக்கவில்லை என்ற குறையை ஏற்கிறோம். தெரிந்துகொண்டே விற்றோம் என்ற சொல்லைத்தான் எம்மால் தாங்க இயலவில்லை.

விதையில் முளைத்த டொக்வூட் பூப்பதற்கு ஆறேழு ஆண்டுகள்கூட ஆகலாம் என்பதாலேயே, பூத்த தாய்மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிய கன்றுகளை மட்டும் தருவித்து விற்கிறோம். இம்மரத்தின் மே மாதப் பூவுக்கான மொட்டு முந்திய கோடையிலேயே உருவாகிவிடுகிறது. இலையுதிர்காலத்தில் கிளை நுனியில் சிறு பொத்தானைப் போல அதைக் காணலாம். நாம் வெள்ளை இதழ்கள் என்று எண்ணும் நான்கும் உண்மையில் பூவடிச் செதில்களே. அவையே பனிக்காலம் முழுவதும் வேறு போர்வையின்றி மொட்டை மூடி நிற்பதால், கடுங்குளிரில் மொட்டு கருகியும் இலை துளிர்க்கக்கூடும். ஒன்ராறியோவின் தென்கோடியில் இயற்கையாக வளரும் இம்மரத்துக்கு எமது பகுதிக் குளிர் சற்று மிகையே. இலையுதிர்காலத்தில் கிளைகளைக் கத்தரித்தால் அடுத்த ஆண்டின் பூவும் அவற்றோடு போய்விடும். பூத்து முடிந்த கையோடுதான் வெட்ட வேண்டும். புற்றரைக்கு இடும் நைதரசன் பசளை வேரை எட்டினாலும் இலை செழிக்கும், மொட்டு குறையும்.

இவற்றை விற்கும்போதே நாம் சொல்லியிருக்க வேண்டும். கன்றைக் கையில் கொடுக்குமுன் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிவந்த எம் மூத்த பணியாளர் ஓய்வுபெற்றதும் அவ்வழக்கம் விட்டுப்போயிற்று. அதற்காக மனமார மன்னிப்புக் கோருகிறோம்.

காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும், நீர் தேங்காத, சற்று அமிலத்தன்மையுள்ள மண்ணில் கன்றை ஆழப் புதைக்காமல் நடுங்கள். வேர்கள் மேலோட்டமானவை என்பதால், மரப்பட்டைத் துகள்களை 5 முதல் 8 சென்ரிமீற்றர் வரை பரப்புங்கள். அவை தண்டைத் தொடவே கூடாது. காற்று அறையும் வளவாயின், ஜூனில் பூக்கும் கூசா டொக்வூட் வகையையே பரிந்துரைப்போம். அதன் மொட்டுகளுக்குத் தனிச் செதில் உறை உண்டு. இலைக்கருகல் நோயையும் அது நன்கு தாங்கும்.

அந்தப் பேச்சைக் கேட்ட பின்னரும் நேரில் வந்து எம்மிடமே விசாரித்த உங்கள் அன்பை என்றும் மறவோம். மாற்றுக் கன்றுக்கான உத்தரவாதம் இவ்வசந்தம் முதல் ஓராண்டாக அமையும் என்பதையும் கவனத்திற் கொள்ளுங்கள். முன்னர் வாங்கியவர்களுக்குப் பழைய ஈராண்டே பொருந்தும். நவம்பரில் இலைகள் உதிர்ந்ததும் கிளை நுனிகளைப் படமெடுத்து வாருங்கள். மொட்டு இருக்கிறதா என்று சேர்ந்தே பார்ப்போம்.

நன்றியுடன்,
நாற்றுமேடை உரிமையாளர்
ஸ்காபரோ