வெயில் அடித்தால் பனிச்சரிவு பயம் போய்விடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வசந்த காலப் பனிமலைப் பயணம் பற்றிய உங்கள் கட்டுரையில், புதுப்பனி விழுந்து ஒரு வாரமாகி நல்ல வெயிலும் அடித்தால் கவலைப்படத் தேவையில்லை என்று இருந்தது. அதை நம்பி யாரும் மலையேறிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

வசந்தத்தில் அந்த வெயில்தான் வினையே. மேற்பனி உருகித் தண்ணீர் உள்ளே இறங்க இறங்க, பனித்துகள்களுக்கு இடையே உள்ள பிடி தளர்ந்துவிடும். அடியில் கெட்டியான அடுக்கு ஒன்றிருந்து அதன்மேல் தண்ணீர் தேங்கினால், மேலே உள்ள பனி மொத்தமும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஈரப்பனி மெதுவாகத்தானே வரும், ஒதுங்கிக்கொள்ளலாம் என்பார்கள். வேகம் குறைவுதான், சரி. எடை? சரிந்து நின்ற நொடியில் சிமெண்ட் கலவையாக இறுகிவிடும். உள்ளே சிக்கியவரால் கையைக்கூட அசைக்க முடியாது. முதல் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைப்பது மிகக் கடினம். வெளியிலிருந்து மீட்புக் குழு வந்து சேர அந்த நேரம் போதவே போதாது.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியது, முந்தைய இரவு பனி நன்றாக உறைந்ததா என்பதைத்தான். இரவில் வானம் தெளிந்திருந்தால் உறையும், காலையில் அதன்மேல் நடக்கலாம். மேகம் மூடியிருந்தால் சரியாக உறையாது. அன்றைக்கு விடியும்போதே ஆபத்துதான். வெயில் முதலில் கிழக்குச் சரிவை இளக்கும், பிற்பகலில் மேற்குச் சரிவை. கால் முழங்கால் வரை புதைகிறதா? பாறை ஓரங்களிலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வருகின்றனவா? யோசிக்காமல் திரும்பிவிட வேண்டும். அப்புறம், நாம் நடப்பது சமதளம் என்ற தைரியமும் வேண்டாம். தலைக்கு மேலே 30 முதல் 45 டிகிரி சரிவு இருந்தாலே பனி நம்மீது வந்து விழலாம்.

ஆல்ப்ஸ் நாடுகளில் 5 படிநிலைகளில் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறார்கள். வசந்தத்தில் பல நாள்களில் காலைக்கு ஒன்று, பிற்பகலுக்கு ஒன்று என்று தனித்தனியாகவே வெளியிடுகிறார்கள். ஒரே மலைச்சரிவு காலை 7 மணிக்கு ஒரு மாதிரியும் மதியம் 1 மணிக்கு வேறு மாதிரியும் இருப்பதுதான் காரணம்.

எனவே ஒரு வேண்டுகோள். இனி பனிமலைப் பயணக் கட்டுரை போடும்போது, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதையும் கட்டம் கட்டி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மலையேற்றத்தில் ஆர்வமுள்ள வாசகர்