சுராபாயாவில் சுட்டவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜாவாத் தீவின் சுராபாயா நகரில் 1945-இல் நடந்த சண்டையை நினைவுகூரும் இந்தோனேசியாவின் மாவீரர் நாளை (நவம்பர் 10) ஒட்டிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், "சுராபாயா இளைஞர்கள் பிரிட்டிஷ் படையை எதிர்த்து நின்றபோது, இந்தியா தூரத்திலிருந்து அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது" என்று ஒரு வரி வருகிறது. தாங்கள் அறியாத வரலாறு இல்லை; ஆகையால் அந்த வரி தங்கள் கண்ணில் படாமலே அச்சேறிவிட்டது என்றுதான் நினைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

1945 அக்டோபர் 25 அன்று சுராபாயாவில் தரையிறங்கியது 23-ஆவது இந்திய டிவிஷனைச் சேர்ந்த 49-ஆவது பிரிகேட். அதன் மூன்று பட்டாலியன்களில் இரண்டு மராத்தா, ஒன்று ராஜபுதனா ரைபிள்ஸ். அதன் தளபதி பிரிகேடியர் மல்லாபி ஆங்கிலேயர், அவருக்கு மேலே ஆணையிட்டவர்களும் ஆங்கிலேயர்; ஆனால் துப்பாக்கியோடு தெருமுனைகளில் நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டு விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். ஜப்பானியரிடமிருந்து ஆயுதங்களைப் பெறவும், சிறை முகாம்களில் இருந்த டச்சுக்காரர்களை மீட்கவும் வந்திருப்பதாகச் சொல்லப்பட்டது. ஆகஸ்ட் 17 அன்றே விடுதலைப் பிரகடனம் செய்துவிட்ட நாட்டில், பின்னாலேயே டச்சு ஆட்சி திரும்பி வருமோ என்று ஊர் மக்கள் அஞ்சியதில் வியப்பென்ன?

உள்ளூர்த் தலைவர்களோடு மல்லாபி ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார். மறுநாளே ஜகார்த்தாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் விமானம், 48 மணி நேரத்துக்குள் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லித் துண்டுப் பிரசுரங்களைக் கொட்டிவிட்டுப் போனது. நகரம் முழுவதும் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து நிறுத்தப்பட்டிருந்த நம்மவர்கள் மீது 28-ஆம் தேதி தாக்குதல் தொடங்கியது. இந்தோனேசியக் குடியரசுத் தலைவர் சுகர்ணோ நேரில் வந்து போரை நிறுத்திய பிறகும், 30-ஆம் தேதி மாலை மல்லாபி தம் காரிலேயே கொல்லப்பட்டார். நவம்பர் 10 அன்று கப்பற்படைப் பீரங்கிகளும் விமானங்களும் துணைநிற்க நகரத்துக்குள் நுழைந்ததும் 5-ஆவது இந்திய டிவிஷன்தான். ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்த அந்தச் சண்டையில் இறந்த இந்தோனேசியர்களின் எண்ணிக்கையை 6,000 முதல் 16,000 வரை மதிப்பிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தோமாம்! ஒரு ரைபிள் குண்டு பாயும் தூரம், அவ்வளவுதான் ஐயா.

வணிகக் கப்பலில் பொறியாளராக இருந்த காலத்தில், சுராபாயாவின் தஞ்சோங் பேராக் துறைமுகத்தில் எங்கள் கப்பல் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது, கப்பலுக்கு மளிகைச் சாமான் கொண்டுவந்த முதியவர் ஒருவர் என் ஊர் எதுவென்று கேட்டார். இந்தியா என்றதும் சற்று நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாலையில் தம் வண்டியிலேயே என்னைச் செம்பாலத்துக்கு அழைத்துச் சென்றார். சிவப்புச் சாயம் பூசிய அதன் கைப்பிடிக் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் எதிரே இருந்த பழைய டச்சுக் கட்டடத்தின் மேல்மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, "அங்கே இருந்தவர்கள் உங்கள் ஆட்கள், என் அண்ணன் இங்கே விழுந்தார்" என்றார். குரலில் கோபம் இல்லை. பிறகு தேநீர் வாங்கிக் கொடுத்தார். கட்டுரையாளர் அனுதாபம் என்று எதை எழுதுகிறாரோ, அது அன்று அந்தப் பெரியவரிடம்தான் இருந்தது.

இது தங்கள் இதழின் முதல் சறுக்கலாக இருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்கமாட்டேன். முன்பு 1946 பிப்ரவரி இந்தியக் கடற்படை எழுச்சி பற்றிச் சிறப்புப் பக்கங்கள் வெளியிட்டீர்கள். மட்டமான சாப்பாட்டையும் அதிகாரிகளின் ஏச்சுப்பேச்சையும் பற்றி விரிவாக எழுதியவர்கள், இந்தோனேசியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பதும் அந்த மாலுமிகளின் கோரிக்கைகளில் ஒன்று என்பதை ஒரு சொல்லாலும் குறிப்பிடவில்லை. தம் சோற்றுக்காக மட்டும் அல்ல, அடுத்தவன் விடுதலைக்காகவும் எழுந்தவர்களைச் சோற்றுக் கலகக்காரர்களாகச் சுருக்கிவிட்டீர்கள். அதைச் சுட்டிக்காட்டி மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். அதிலிருந்து "படங்கள் அழகாக இருந்தன" என்ற வாக்கியத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வாசகர் பக்கத்தில் வெளியிட்ட தங்கள் பெருந்தன்மையை இன்றுவரை மறக்கவில்லை.

நேதாஜி பிறந்த நாள் வந்தால் இந்திய தேசிய ராணுவத்தையும், அதில் சேர்ந்த மலேயாத் தோட்டத் தமிழர்களையும் போற்றி எழுதுகிறீர்கள். போற்ற வேண்டியவர்கள்தான். ஆனால் அந்த ராணுவத்தின் அதிகாரிகள் மீது செங்கோட்டையில் விசாரணை தொடங்கியது 1945 நவம்பர் 5. சுராபாயாமீது முழுத் தாக்குதல் தொடங்கியது நவம்பர் 10. சொந்த நாட்டின் விடுதலைக்காக ஆயுதம் எடுத்த இந்தியன் டெல்லியில் குற்றவாளிக் கூண்டில் நிற்க, அதே வாரத்தில் இன்னொரு நாட்டின் விடுதலைக்கு எதிராக இந்தியன் கையில் ஆயுதம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்து ஒரு பத்தி எழுத, இத்தனை ஆண்டுகளில் தங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் என் மனக்குறை.

அந்தச் சிப்பாய்களை இழிவுபடுத்துவது என் நோக்கம் அன்று. இம்பாலில் ஜப்பானியரோடு பொருதிக் களைத்த டிவிஷன் அது. ஊருக்குப் போகலாம் என்று காத்திருந்தவர்களை ஜாவாவுக்குக் கப்பல் ஏற்றியபோது யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அப்படியும், அங்கே இருந்த இந்தியச் சிப்பாய்களில் சில நூறு பேர் படையை விட்டு விலகி இந்தோனேசியக் குடியரசின் பக்கம் சேர்ந்தார்கள். சிட்னியில் ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் டச்சுக் கப்பல்களைப் புறக்கணித்தபோது, ஜாவாவுக்குக் கப்பலைச் செலுத்த மறுத்து இறங்கிப் போனவர்களில் இந்தியக் கடலோடிகளும் இருந்தார்கள். கடலில் சம்பளம் வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அயல் துறைமுகத்தில் வேலையை உதறிவிட்டு இறங்குவது என்றால் கூலி, உணவு, ஊர் திரும்பும் வழி ஆகிய மூன்றையும் ஒருசேரக் கைவிடுவது. நேருவும் இந்தியத் துருப்புகளை இப்படிப் பயன்படுத்துவதை வெளிப்படையாகக் கண்டித்தார். சுட்டவர்களும், சுட மறுத்தவர்களும், கண்டித்தவர்களும் நம்மில் இருந்தார்கள். "பார்த்துக்கொண்டிருந்தது" என்ற தங்கள் வரியில் இவர்கள் எவருக்கும் இடமில்லை.

ஆதலால் நான் வேண்டுவது இரண்டுதான். சுராபாயாவில் போரிட்டவை பிரிட்டிஷ் இந்தியப் படையின் டிவிஷன்கள் என்ற திருத்தத்தை அடுத்த இதழில், ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் அல்லாமல், கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடுங்கள். முந்தைய கடிதத்தோடு நான் அனுப்பிய செம்பாலத்துப் புகைப்படம் தங்களுக்குப் பயன்படவில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். என்னிடம் வேறு பிரதி இல்லை. அனுப்பும் செலவுக்கு உரிய தபால்தலைகளை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி.