எந்தக் கடையில் பூப் போட வேண்டும்?

மதுரை
ஞாயிறு மாலை

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குத் திட்டுவாய் என்று தெரியும், திட்டிக்கொள். "பதிமூன்று வருஷம் பேங்க்கில் குப்பை கொட்டியவளுக்கு இந்த வயதில் என்ன இன்டர்ன்ஷிப்?" என்று கேட்டிருந்தாய். அம்மாவும் அதையேதான் கேட்கிறாள், இன்னும் கொஞ்சம் கூடுதல் சத்தத்தில். என்னோடு சேர்ந்த மற்ற இருவருக்கும் இருபத்திரண்டு வயது. முதல் நாள் மேடம் என்றார்கள், இரண்டாம் நாள் அக்கா என்றார்கள், மூன்றாம் நாள் டீக்குச் சில்லறை கேட்டார்கள். அதன் பிறகு எனக்குக் கூச்சம் போய்விட்டது.

வேலை என்னவென்று கேட்டாயே, சொல்கிறேன். இது லாப நோக்கமில்லாத ஒரு முதலீட்டு நிதி. உள்ளே வருவது நன்கொடை. கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் வெளியே போகும்போது அது தானமாகப் போவதில்லை. ஏழை மக்களுக்கு உபயோகமான ஒரு தொழிலாகப் பார்த்து, கடனாகவோ பங்காகவோ போடுகிறோம். ஏழு வருஷம், பத்து வருஷம்கூடக் காத்திருக்கிறோம். பணம் திரும்பினால் அடுத்த தொழிலுக்குப் போகும். திரும்பாவிட்டால் போனதுதான். 2001இல் நியூயார்க்கில் தொடங்கிய அக்யுமென் என்ற அமைப்பு பல நாடுகளில் இப்படித்தான் செய்துவருகிறது. இதற்குப் 'பொறுமையான மூலதனம்' என்று பெயர். பேங்க்கில் எங்களுக்கு இருந்த பொறுமை 90 நாள். அதற்கு மேல் தவணை தவறினால் வாராக்கடன் என்று எழுதிவிட்டு, வீடு தேடிப் போகச் சொல்வார்கள். நானும் போயிருக்கிறேன். ஒரு வீட்டில் எனக்கு மோர் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அழுதார்கள்.

உன் மாமியாருக்குத் தேனி அரவிந்தில் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அந்த மருத்துவமனையின் ஆரம்பக் கதையைத்தான் எங்கள் பயிற்சியில் முதல் பாடமாக வைத்தார்கள். 1976இல், அரசு வேலையில் ஓய்வு பெற்ற 58 வயது டாக்டர் வெங்கடசாமி, மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. வீட்டை அடமானம் வைத்துத்தான் பணம் புரட்டினார். காசு கொடுக்க முடிந்தவர் கொடுப்பதை வைத்து முடியாதவருக்கும் வைத்தியம். அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து யானை விலை விற்றதால் 1992இல் ஆரோலேப் என்று சொந்தமாகவே தயாரிப்புக்கூடம் வைத்துவிட்டார்கள். பாடம் முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் வேறு நினைப்பு. 58 வயது, 11 படுக்கை, நோயாளிகளில் பலருக்கு இலவசம் என்று எழுதி என் பேங்க் மேஜைக்கு ஒரு விண்ணப்பம் வந்திருந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே தள்ளுபடி செய்திருப்பேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் என்னைத் திருமங்கலம் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். பூ விவசாயம் செய்யும் முப்பது பெண்கள் சேர்ந்து, மொட்டை வாடாமல் வைக்க ஒரு சிறிய குளிர் அறை கட்டப் பணம் கேட்டிருந்தார்கள். விடியும் முன்பே வா என்றார்கள். போனால் இருட்டில் வயல் முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சம். ஒவ்வொருத்தி நெற்றியிலும் டார்ச். மடியைக் கட்டிக்கொண்டு, அன்று சாயங்காலம் மலரப்போகும் மொட்டை மட்டும் பார்த்து நகத்தால் கிள்ளுகிறார்கள். நாளைக்கான மொட்டு அதன் பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொடுவதில்லை. எனக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நான் கிள்ளிய ஒரு பிடியைப் பார்த்து ஒரு பாட்டி, "தாயி, நீ பேனாவே பிடி" என்றாள்.

மொட்டு வெயிலுக்கு முன்பு சந்தைக்குப் போயாக வேண்டும். பனிக்காலத்தில் வரத்துக் குறையும்போது கிலோ ஆயிரங்களில் போகும் பூ, வரத்துக் கூடிய நாளில் சில நூறுக்கு இறங்கிவிடும். அப்படிப்பட்ட நாளில் சென்ட் கம்பெனிக்காரன் சொல்வதுதான் விலை. ஓரிரண்டு நாள் வைத்திருந்து விற்க வழி இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

களத்தில் உட்கார்ந்து எங்கள் நிதியைப் பற்றி விளக்கினேன். கடன் மாதிரி, ஆனால் கழுத்தைப் பிடிக்காது, தானமும் இல்லை, நீங்கள் நிமிர்ந்த பிறகு திருப்பித் தந்தால் அது வேறொருவருக்குப் போகும் என்றேன். பேனா பிடிக்கச் சொன்ன பாட்டி, "அட, செய்முறை" என்றாள். விசேஷ வீட்டில் மொய் வைத்து, நம் வீட்டு விசேஷத்தில் திரும்ப வாங்கும் நம் ஊர் வழக்கத்தைச் சொல்கிறாள். அவ்வளவுதான், எல்லாருக்கும் புரிந்துவிட்டது. மூன்று வாரப் பயிற்சியில் எனக்கு விளங்காதது, மொய் நோட்டைச் சொன்னதும் விளங்கியது. வட்டி இல்லை, தேதி இல்லை, ஆனால் மறக்கவும் முடியாது.

பிறகு, குழுவின் தலைவியாக இருக்கும் அம்மா கேட்டார்: "கமிஷன் கடைக்காரரும் மகள் கல்யாணத்துக்குக் கேட்டவுடன் கொடுத்தார். பத்திரம் கேட்கவில்லை, வட்டி கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் பூவை அவர் கடையில்தான் போட வேண்டும், அவர் போடும் விலைதான். உங்கள் பணத்துக்கு எந்தக் கடையில் பூப் போட வேண்டும்?"

எங்கும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பையில் இருந்த படிவம் நினைவுக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிரப்ப வேண்டியது. 34 கேள்விகள், எல்லாம் ஆங்கிலத்தில். எத்தனை பேர் வாழ்க்கை மாறியது என்று ஒரு கட்டம். எண்ணில்தான் எழுத வேண்டும். நன்கொடையாளர்கள் அதைப் பார்த்துத்தான் அடுத்த வருஷம் கொடுப்பார்கள். நாங்கள் பூப் போடும் கடை அதுதான், கலா. அந்த அம்மாவிடம் படிவத்தை எடுத்துக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, தன் கூடையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார். தேதி, யார் யார் எத்தனை கிலோ, என்ன விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் கோடு போட்டு எழுதியிருக்கிறது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் 'இன்று மழை' என்றுகூட இருந்தது.

அந்தப் பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, 34 கேள்விக்குப் பதிலாக இந்த நோட்டையே கணக்காக எடுத்துக்கொள்ளலாமா என்று எங்கள் இயக்குநரிடம் கேட்டேன். நல்ல மனிதர்தான். சிரித்தார், யோசித்தார், மறுபடி சிரித்தார். "நன்கொடையாளரிடம் நீங்களே சொல்லுங்கள்" என்றார். வியாழக்கிழமை கமிட்டி. சொல்லப்போகிறேன். பேங்க்கில் பதிமூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட மேலே இருப்பவரிடம் படிவத்தை மாற்றச் சொன்னதில்லை. இப்போது இன்டர்ன் ஆன பிறகு வாய் வந்திருக்கிறது. உதைத்து அனுப்பினால் தேனியில் உன் பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறதா என்று பார்த்து வை.

அடுத்த மாதம் உன் புதுமனை புகுவிழாவுக்குக் கட்டாயம் வருகிறேன். அம்மாவின் மொய் நோட்டைப் புரட்டினேன். 2014இல் தங்கை கல்யாணத்துக்கு நீ 501 எழுதியிருக்கிறாய். கூட்டித்தான் வைக்க வேண்டும், தெரியும். ஆனால் இன்டர்ன் சம்பளம், கொஞ்சம் பொறுமையான மூலதனமாக நினைத்துக்கொள். பூ மட்டும் நான் கொண்டுவருகிறேன். அந்த அம்மாவிடம் இரண்டு கிலோ சொல்லிவைத்திருக்கிறேன், ரொக்க விலைக்கு.

அன்புடன்,
மீனா