1994-ஐ இன்னொரு முறை எங்கள் தலையில் கட்டாதீர்கள்

மேஜர் லீக் பேஸ்பால் கமிஷனர் ராப் மேன்ஃபிரெட் அவர்களுக்கும், முப்பது அணிகளின் உரிமையாளர்களுக்கும், ஆட்டக்காரர்கள் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

2026 டிசம்பர் 1 அன்று உங்கள் இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிகிறது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்ற பேச்சு உரிமையாளர்கள் பக்கம் மறுபடி கிளம்பியிருக்கிறது. அதற்கு இடமே இல்லை என்கிறது சங்கம். இதே பேச்சைத்தான் 1994-லும் கேட்டோம். அந்த வருடம் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் சீசன் பாதியில் நின்றது; அது எதில் போய் முடிந்தது என்று எடுத்துச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன். நான் கனடாவில் வாழும் ஒரு ரசிகர். மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் அணியை மனதார நேசித்த லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். உங்கள் பேச்சுவார்த்தை மேசையில் எங்களுக்கு நாற்காலி கிடையாது. அதனால்தான் பொதுவில் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த சீசன் எப்படிப்பட்டது என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். சான் டியேகோவின் டோனி க்வின் 0.394 பேட்டிங் சராசரியில் இருந்தார், அதாவது பத்து வாய்ப்பில் கிட்டத்தட்ட நான்கில் ஹிட். 1941-ல் டெட் வில்லியம்ஸ் 0.406 அடித்த பிறகு 0.400-ஐ யாரும் தொட்டதில்லை. க்வினுக்கு அதே வாய்ப்புகளில் இன்னும் மூன்று ஹிட் கிடைத்திருந்தால் தொட்டிருப்பார். சான்ஃபிரான்சிஸ்கோவின் மேட் வில்லியம்ஸ் 43 ஹோம் ரன் அடித்திருந்தார். அவருடைய அணி அதுவரை ஆடியது 115 ஆட்டம்தான், மிச்சம் 47 இருந்தது. 1961 முதல் அசையாமல் நின்ற ராஜர் மேரிஸின் ஒரே சீசனில் 61 ஹோம் ரன் என்ற சாதனை அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அட்லாண்டாவின் பிட்சர் (பந்து வீசுபவர்) கிரெக் மேடக்ஸ் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.56 ரன் மட்டுமே கொடுத்து வீசிக்கொண்டிருந்தார். 1954-க்குப் பிறகு அக்டோபரில் நடக்கும் இறுதிக்கட்ட ஆட்டங்களையே பார்க்காத கிளீவ்லாந்து, புது மைதானத்தில், தன் பிரிவின் முதல் இடத்துக்கு ஒரே ஒரு ஆட்டம் பின்னால் நின்றது. யாங்கீஸ் அணியின் டான் மேட்டிங்லி பத்து வருடத்துக்கு மேல் ஆடியும் ஒரு இறுதிக்கட்டப் போட்டிகூட ஆடாதவர். அவர் அணி, மேஜர் லீகின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் எல்லாருக்கும் முன்னால் இருந்தது.

அப்புறம் எங்கள் எக்ஸ்போஸ்.

74 வெற்றி, 40 தோல்வி. இரண்டு லீகையும் சேர்த்து முதல் இடம். அட்லாண்டா பிரேவ்ஸைவிட ஆறு ஆட்டம் முன்னால். ஜூலை பாதிக்குப் பிறகு அவர்கள் தோற்றதே அபூர்வம். பயிற்சியாளர் ஃபெலிப்பே அலூ, டொமினிக்கன் குடியரசில் பிறந்து மேஜர் லீக் அணி ஒன்றை நடத்திய முதல் மனிதர். அவர் மகன் மொய்ஸஸ் அலூ இடப்பக்க அவுட்ஃபீல்டில் (வெளிக்களத்தில்), மார்க்கீஸ் கிரிஸம் நடுவில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த எங்கள் நாட்டுப் பையன் லாரி வாக்கர் வலப்பக்கத்தில். அப்படியோர் அவுட்ஃபீல்ட் மூவரை அந்த வருடம் வேறெந்த அணியிலும் நான் பார்க்கவில்லை. பிட்சர் கென் ஹில் 16 ஆட்டம் ஜெயித்திருந்தார். கடைசி இன்னிங்ஸை முடித்து வைக்க ஜான் வெட்லாண்ட் இருந்தார். 22 வயது பெட்ரோ மார்ட்டினெஸ் அப்போதுதான் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியிடமிருந்து வந்து சேர்ந்திருந்தார். ரொம்ப ஒல்லி, தாங்க மாட்டார் என்று சிலர் ஒதுக்கிய அந்தப் பையன் எப்படிப்பட்ட பிட்சர் ஆனார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அணி, சம்பளத்துக்கு மிகக் குறைவாகச் செலவழித்த அணிகளில் ஒன்று. உரிமையாளர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சிறிய நகரங்களின் அணிகள் பணக்கார அணிகளோடு மோத முடியாது, ஆகவே உச்சவரம்பு வேண்டும் என்று நீங்கள் வாதாடிய அதே கோடையில், பணமில்லாத ஓர் அணி எல்லாரையும் முந்திக்கொண்டு போனது. ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடித்து, சிறிய லீக்குகளில் வளர்த்து, பொறுமையாகக் கட்டிய அணி அது. பணத்தில் ஏற்றத்தாழ்வே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அதைச் சரிசெய்ய நீங்கள் எடுத்த ஆயுதம் எங்கள் மேல்தான் முதலில் விழுந்தது.

பழைய ஒப்பந்தம் 1993 கடைசியிலேயே முடிந்துபோயிருந்தது. ஒப்பந்தம் இல்லாமலேதான் 1994 சீசன் தொடங்கியது. ஜூன் மாதம் உரிமையாளர்கள் உச்சவரம்புத் திட்டத்தை முன்வைத்தார்கள். ஆட்டக்காரர்களின் பயம் வீண் பயம் அல்ல: சீசன் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனதும் அதைத் தன்னிச்சையாக அமல்படுத்திவிடுவார்கள் என்று நினைத்தார்கள். டிசம்பரில் அப்படியேதான் செய்தார்கள். 80-களில் உரிமையாளர்கள் கூடிப் பேசி, ஒருவரின் ஆட்டக்காரரை இன்னொருவர் எடுக்காமல் சம்பளத்தை அமுக்கி வைத்ததும், அதற்காக 28 கோடி டாலர் இழப்பீடு கொடுத்ததும் அவர்கள் நினைவில் பச்சையாக இருந்தது. ஆட்டக்காரர்களின் சம்பளம் வழக்கமான சீசனோடு முடிந்துவிடும், உரிமையாளர்களுக்குத் தொலைக்காட்சிப் பணம் அக்டோபரில்தான் கொட்டும். ஆகவே அக்டோபருக்கு முன்னால் வேலைநிறுத்தம் என்பது சங்கத்தின் கணக்கு. கணக்கு சரியாகவே இருக்கலாம். மாண்ட்ரியலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கணக்கில் இடம் இருந்ததா?

ஆகஸ்ட் 12 அன்று ஆட்டம் நின்றது. செப்டம்பர் 14 அன்று, தற்காலிக கமிஷனர் பட் சீலிக், மிச்ச சீசனையும், இரு லீகின் சாம்பியன்களும் மோதும் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸையும் ரத்து செய்தார். வேர்ல்ட் சீரிஸ் நடக்காமல் போனது 1904-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. நடுவில் இரண்டு உலகப் போர்கள் வந்தும் வேர்ல்ட் சீரிஸ் நிற்கவில்லை. 1989-ல் நிலநடுக்கம் பத்து நாள் தள்ளி வைத்தது, அவ்வளவுதான். போரும் பூகம்பமும் செய்யாததை நீங்கள் இரு தரப்பும் சேர்ந்து செய்தீர்கள்.

அடுத்த வசந்தத்தில் மாற்று ஆட்டக்காரர்களை வைத்துச் சீசனை நடத்தப் பார்த்தார்கள். டெட்ராய்ட்டின் பயிற்சியாளர் ஸ்பார்க்கி ஆண்டர்சன் அவர்களை நடத்த மறுத்து விலகி நின்றார். பால்ட்டிமோரின் உரிமையாளர் பீட்டர் ஆஞ்செலஸ் அப்படி ஓர் அணியைக் களமிறக்கவே மாட்டேன் என்றார். இந்த இருவரையும் நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். கடைசியில் 1995 மார்ச் 31 அன்று, நியூயார்க்கின் மாவட்ட நீதிபதி சோனியா சோட்டோமயோர், பழைய ஒப்பந்த விதிகளையே திரும்பக் கொண்டுவரும்படி உரிமையாளர்களுக்கு உத்தரவிட்டார். 232 நாள் இழுத்த வேலைநிறுத்தம் இரண்டே நாளில் முடிந்தது. இரண்டு சீசனிலும் சேர்த்து 900-க்கு மேற்பட்ட ஆட்டங்கள் காணாமல் போயிருந்தன.

முடிந்தது என்று சொன்னேன். உங்களுக்கு முடிந்தது.

ஏப்ரல் முதல் வாரத்திலேயே எக்ஸ்போஸ் கடையைக் காலி செய்தது. ஹில் செயின்ட் லூயிஸுக்கு, வெட்லாண்ட் யாங்கீஸுக்கு, கிரிஸம் எங்கள் போட்டியாளர் அட்லாண்டாவுக்கு. வாக்கரைத் தக்கவைக்க முயற்சிகூட இல்லை, அவர் கொலராடோ போனார். அந்த அக்டோபரில் அட்லாண்டா கோப்பை வென்றபோது கடைசிக் கேட்ச்சைப் பிடித்தவர் கிரிஸம். அதற்கு அடுத்த வருடம் வேர்ல்ட் சீரிஸின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர் வெட்லாண்ட். 1997-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய கையோடு மார்ட்டினெஸும் பாஸ்டனுக்கு அனுப்பப்பட்டார், 2004-ல் அங்கே கோப்பையும் வாங்கினார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அடுத்த வீட்டில் விளக்கேற்றுவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள்மேல் எங்களுக்குக் கோபமில்லை. பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு மைதானத்தை நிரப்ப முடியாது.

அதன்பின் நடந்தது உங்கள் அலுவலகக் கோப்புகளிலேயே இருக்கிறது. 2001-ல் இரண்டு அணிகளைக் கலைத்துவிட வாக்களித்தீர்கள், அதில் எங்கள் அணியின் பெயரும் அடிபட்டது. 2002-ல் லீகே எக்ஸ்போஸை வாங்கியது. 2003-லும் 2004-லும் உள்ளூர் ஆட்டங்களில் 22-ஐப் புவேர்ட்டோ ரிக்கோவுக்குக் கொண்டுபோனீர்கள். 2004 செப்டம்பர் 29 அன்று ஒலிம்பிக் மைதானத்தில் கடைசி ஆட்டம், அடுத்த வருடம் அணி வாஷிங்டனில். வேலைநிறுத்தம் மட்டும்தான் எக்ஸ்போஸைக் கொன்றது என்று நான் சாதிக்கவில்லை. மைதானம் மோசம், உரிமையாளர்களிடம் பணமும் இல்லை, மனமும் இல்லை. ஆனால் ஒரு வெற்றிச் சீசன் இவற்றில் எதை எதை மாற்றியிருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பையே எங்களிடமிருந்து பறித்துவிட்டீர்கள். மாண்ட்ரியலுக்குப் பேஸ்பால் பிடிக்காது என்று பிற்பாடு பேசியவர்கள், 2014 மார்ச்சில் டொராண்டோவும் நியூயார்க் மெட்ஸும் அதே மைதானத்தில் ஆடிய இரண்டு பயிற்சி ஆட்டங்களுக்கு 96,000 பேர் வந்ததைப் பார்த்திருக்கட்டும். 1994 அணியினரை அங்கே வரவழைத்துக் கௌரவித்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

சரி, இத்தனைக்கும் பிறகு கிடைத்தது என்ன? உச்சவரம்பு வரவில்லை. 1996 கடைசியில் எட்டிய ஒப்பந்தத்தில் அணிகளுக்கிடையே வருவாய்ப் பகிர்வும், அதிகம் செலவழிக்கும் அணிகளுக்கு ஆடம்பர வரியும் வந்தன. இவை இரண்டும் 1994-ல் பேசித் தீர்த்திருக்கக்கூடிய விஷயங்கள். 1995-ல் மைதானத்துக்கு வந்த கூட்டம் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பால்ட்டிமோரின் கால் ரிப்கன் ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து ஆடிய சாதனையும் 1998-ன் ஹோம் ரன் பந்தயமும்தான் மக்களைத் திரும்பக் கூட்டி வந்தன என்று பெருமையாகச் சொல்வீர்கள். அந்தப் பந்தயத்தின் பின்னாலிருந்த ஊக்கமருந்தை ஏன் யாரும் பார்க்க விரும்பவில்லை? ரசிகர்கள் எப்படியாவது திரும்பி வந்தால் போதும் என்ற அவசரம் அதில் ஒரு பங்கு என்றே நினைக்கிறேன்.

மேன்ஃபிரெட் அவர்களே, அந்த வேலைநிறுத்தத்தின்போது நீங்கள் உரிமையாளர்கள் தரப்பின் வழக்கறிஞர்களில் ஒருவர். இதையெல்லாம் நான் படித்தும் பார்த்தும் அறிந்தேன், நீங்கள் அறைக்குள்ளேயே இருந்தீர்கள். 2021 டிசம்பரில் கதவடைப்பு (ஒப்பந்தம் வரும்வரை உரிமையாளர்களே ஆட்டக்காரர்களை வெளியே நிறுத்துவது) அறிவித்து 99 நாள் நீட்டித்தவரும் நீங்கள். அந்த முறை 162 ஆட்டமும் நடந்துவிட்டன, அதனால் கதவடைப்பு ஆபத்தில்லாத கருவி என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கலாம். அந்த எண்ணம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. 2025 அக்டோபரில் டொராண்டோ, 1993-க்குப் பிறகு முதல் தடவையாக, வேர்ல்ட் சீரிஸுக்கு வந்து ஏழாவது ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸ் வரை போராடியபோது இந்த நாடே தூங்காமல் விழித்திருந்தது. 1994-க்குப் பின் பிறந்த பிள்ளைகள் முதல் தடவையாக இந்த ஆட்டத்தின் மேல் பைத்தியமானார்கள். 2023 முதல் 2025 வரை ஒவ்வொரு வருடமும் மைதானங்களுக்கு வந்தவர்கள் 7 கோடிக்கு மேல். இதை எல்லாம் பணயம் வைக்கப் போகிறீர்களா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. டிசம்பர் 1 கடந்தாலும் கதவடைப்பு இல்லை, புது ஒப்பந்தம் வரும்வரை பழைய விதிகளே தொடரும் என்று உரிமையாளர்கள் இப்போதே அறிவியுங்கள். அதற்கு ஈடாக, பேச்சு நேர்மையாக நடக்கும்வரை 2027 சீசனின் நடுவில் வேலைநிறுத்தம் இல்லை என்று சங்கம் எழுதிக் கொடுங்கள். 1994-ல் மத்தியஸ்தரை எல்லாம் உடைந்த பிறகு அழைத்தீர்கள். இந்த முறை முதல் நாளே உட்கார வையுங்கள். உரிமையாளர்கள் உச்சவரம்பு கேட்பதென்றால் கணக்குப் புத்தகங்களைத் திறந்து காட்டிக் கேளுங்கள், அதன்பிறகு சங்கமும் உட்கார்ந்து பதில் சொல்லட்டும்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் பேசுவதில்லை. ஆட்டம் நின்றால் டிக்கெட் கிழிப்பவர், தின்பண்டம் விற்பவர், மைதானம் கூட்டுபவர் ஆகியோருக்கு அன்றன்றைய கூலி நிற்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது ஒவ்வொரு அணியும் பத்து லட்சம் டாலர் இவர்களுக்காக ஒதுக்கியது. அன்று செய்ததை இப்போது முன்கூட்டியே செய்யுங்கள். ஓர் ஆட்டம் ரத்தானாலும் இவர்களின் கூலியை இரு தரப்பும் பாதிப் பாதி ஏற்கும் என்று ஒரு நிதியை டிசம்பருக்கு முன் ஏற்படுத்துங்கள்.

இந்தக் கோரிக்கைகளுக்கு உங்கள் பதில் என்ன என்பதை, உங்கள் வழக்கறிஞர்களின் மொழியில் இல்லாமல், எங்களுக்குப் புரியும்படி பொதுவில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எக்ஸ்போஸ் ரசிகர் ஒருவர்