வர்த்தக ஒப்பந்தம்: கருத்துச் சொல்லக் கையெழுத்து வரை காத்திருக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடுகளுக்கு இடையிலான வர்த்தக ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகும் நாளில்தான் அது செய்தியாகிறது. ஆதரவும் எதிர்ப்பும் கிளம்புவது அதன் பிறகே. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. பேச்சுவார்த்தை முடிந்ததாக அறிவிக்கப்பட்ட பின் சில மாதங்கள் நடப்பது சட்டச் சொற்களைச் சரிபார்க்கும் வேலை மட்டுமே. அப்போது போய்ச் சேரும் மனுவால் ஒரு வரிவிகிதமும் மாறாது. எந்தத் துறைகளைப் பேசுவது என்று அரசு முடிவெடுக்கும் நேரமும், இரு தரப்பும் வரிச்சலுகைப் பட்டியல்களை முதன்முதலாகப் பரிமாறிக்கொள்வதற்கு முந்தைய வாரங்களுமே மக்கள் பேச வேண்டிய காலம். வாசகர்கள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

எப்போது பேசுவது என்பதைப் போலவே எப்படிப் பேசுவது என்பதும் முக்கியம். பேச்சுவார்த்தை மேசையில் 'விவசாயம்' என்றோ 'பால்' என்றோ எதுவும் இல்லை. உலகச் சுங்க அமைப்பு வகுத்த ஆறு இலக்கக் குறியீடுகள்தான் இருக்கின்றன. 'பால் பொருட்களுக்கு வரிக்குறைப்பிலிருந்து விலக்கு வேண்டும்' என்று ஒரு சங்கம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அதிகாரிகள் அந்தக் குறியீட்டுத் தொகுப்பில் பால் பொருட்கள் வரும் 4-ஆம் அத்தியாயத்தை விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். கொழுப்பு நீக்கிய பால் பவுடர் (0402.10), மோர்த்தெளிவு (0404), பாலாடைக்கட்டி (0406) எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஆனால், பாலிலிருந்து எடுக்கும் கேசீன் 35-ஆம் அத்தியாயத்தில் 3501-இல் இருக்கிறது. பால் சர்க்கரையான லாக்டோஸ் 1702-இல் இருக்கிறது. பால் கலந்த மாவுத் தயாரிப்புகளும் குழந்தை உணவும் 1901-இல் வருகின்றன. முன்வாசலைப் பூட்டிவிட்டு மூன்று ஜன்னல்களைத் திறந்து வைத்த கதைதான். கோரிக்கை தோற்பதற்கு எதிர்த்தரப்பின் வலிமையே காரணம் என்று நினைக்கிறோம். பல நேரங்களில் குறியீடு விடுபட்டதுதான் காரணம்.

பயனுள்ள மனு ஒரு பக்கத்தில் அடங்கும். முதலில் ஆறு இலக்கக் குறியீடு, உள்நாட்டுப் பட்டியலில் அதற்கு எட்டு இலக்கம் இருந்தால் அதுவும். அடுத்து, உலக வர்த்தக அமைப்பில் நாடு ஒப்புக்கொண்டுள்ள உச்ச வரி, இன்று உண்மையில் வசூலிக்கும் வரி. இந்த இரண்டும் அந்த அமைப்பின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தத் தேதியில் உள்ள வரியிலிருந்து குறைப்பு தொடங்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. அடிப்படைத் தேதிக்குப் பின் அரசு உயர்த்திய வரி கணக்கிலேயே வராமல் போகும். பிறகு, கேட்பது என்ன என்பது தெளிவாக இருக்க வேண்டும்: முழு விலக்கா, பத்தாண்டுகளில் படிப்படியான குறைப்பா, குறிப்பிட்ட டன் வரை மட்டும் குறைந்த வரியா, இறக்குமதி திடீரென்று பெருகினால் வரியை மீட்கும் பாதுகாப்பு விதியா? கடைசியாக ஆதாரம்: உற்பத்திச் செலவு, இறக்குமதி விலை, அறுவடை மாதங்கள், நம்பி வாழ்வோர் எண்ணிக்கை. உணர்ச்சி கூட்டத்தைத் திரட்டும், ஆனால் பேசப் போகும் அதிகாரியின் கைக்கு எண்கள்தான் வேண்டும்.

சேவைத் துறையில் இன்னும் எச்சரிக்கை தேவை. திறந்துவிடும் துறைகளை மட்டும் எழுதும் பட்டியல் ஒரு முறை. திறக்காதவற்றை மட்டும் எழுதும் பட்டியல் இன்னொரு முறை. இரண்டாவதில் எழுத மறந்த துறை தானாகவே திறந்ததாகிவிடும்; இனிமேல் பிறக்கப்போகும் தொழில்களுக்கும், தனி விதிவிலக்கு எழுதாவிட்டால், இதே கதிதான். குடிநீர், மருத்துவம், கல்வி பற்றிக் கவலைப்படுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த வகைப் பட்டியல் என்பதே.

ரகசியம் இல்லாமல் பேரம் பேச முடியாது என்று அரசுகள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. கடைசியாக எதுவரை இறங்கி வருவோம் என்பதை வெளியிட முடியாது. எதிர்த்தரப்பிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட சொந்த முன்மொழிவைச் சொந்த மக்களிடம் மட்டும் மறைப்பதற்கு என்ன நியாயம்? அமெரிக்காவுடன் நடந்த பேச்சில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2015 ஜனவரியில் தன் முன்மொழிவு வாசகங்களை வெளியிடத் தொடங்கியது. மூடி வைத்ததன் விலை அதற்கு முன்பே தெரிந்திருந்தது. போலிச் சரக்குத் தடுப்பு ஒப்பந்தம் ரகசியமாகவே பேசப்பட்டு, 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் கையெழுத்திட்டது. அதே ஆண்டு ஜூலை 4-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் 478-க்கு 39 என்ற வாக்குகளில் அதை நிராகரித்தது. பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் வீணானது.

மக்கள் பக்கமும் பாடம் இருக்கிறது. முதலீட்டாளர்கள் அரசுகள் மீது வழக்குத் தொடரும் ஏற்பாடு குறித்து ஐரோப்பிய ஆணையம் 2014-இல் கருத்துக் கேட்டபோது சுமார் 1,50,000 பதில்கள் வந்தன. அவற்றில் சுமார் 97 சதவீதம் முன்கூட்டியே எழுதிவைத்த வாசகங்களை அமைப்புகளின் இணையதளங்கள் வழியே அனுப்பியவை. அந்த எண்ணிக்கை எதிர்ப்பின் அளவைக் காட்டியது. 2015 நவம்பரில் நிரந்தர நீதிபதிகளும் மேல்முறையீடும் கொண்ட மாற்று ஏற்பாட்டை ஆணையம் முன்வைத்தது. ஆனாலும் எந்தப் பிரிவை எப்படித் திருத்துவது என்பதைத் தனித்தனியாக எழுதப்பட்ட பதில்களிலிருந்துதான் எடுக்க முடியும்.

ஒப்பந்தப் பேச்சு எதுவும் நடக்காத காலத்திலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு, தரக்கட்டுப்பாடு பற்றிய புதிய விதிகள் சர்வதேசத் தரங்களிலிருந்து மாறுபட்டு வணிகத்தைப் பாதிக்கக் கூடுமானால், அவற்றை வரைவு நிலையிலேயே உலக வர்த்தக அமைப்புக்கு உறுப்பு நாடுகள் தெரிவிக்க வேண்டும். கருத்துச் சொல்லப் பொதுவாக 60 நாள் அவகாசம் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. 'ஈபிங்' என்ற இலவச இணையச் சேவையில் பொருளையும் நாட்டையும் பதிவு செய்தால் அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். பூச்சிக்கொல்லி எச்ச வரம்பு குறைக்கப்பட்டதைச் சரக்கு துறைமுகத்தில் தடுக்கப்பட்ட பிறகு தெரிந்துகொள்ளும் ஏற்றுமதியாளர்கள் இதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். கருத்தை நேரே வெளிநாட்டுக்கு அனுப்புவதைவிட, தம் நாட்டின் விசாரணை மையம் (இவ்விதிகள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் தரும் அரசு அலுவலகம்) வழியே அனுப்பினால் அது அரசின் கருத்தாகப் போய்ச் சேரலாம்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுப் பேச்சு அறிவிக்கப்படும்போது, தலைவர்கள் கைகுலுக்கும் படத்தோடு ஒரு சிறு கட்டமும் போடுங்கள்: பேசப்படும் ஒப்பந்த அத்தியாயங்கள், பட்டியல் பரிமாறும் உத்தேச நாள், கருத்து அனுப்பக் கடைசித் தேதி, அனுப்ப வேண்டிய முகவரி. கடைசித் தேதியை அரசு அறிவிக்கவில்லை என்றால், அந்த இடத்தில் 'அறிவிக்கப்படவில்லை' என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வர்த்தக ஒப்பந்தங்களைக் கவனித்துவரும் வாசகர்கள்