நம் வாடிக்கையாளர்களுக்கு: அந்தக் குரல் பதிவு பற்றியும், வேறு சில விஷயங்கள் பற்றியும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளி முடிந்து பத்து நாளாகிறது. இதை முதல் வாரமே எழுதியிருக்க வேண்டும். கடையில் ஆள் இல்லை, அதனால்தான் இழுத்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு நாம் போட்ட சாமானைத் திட்டிச் சுற்றும் அந்தக் குரல் பதிவை உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். எனக்கே ஏழு பேர் அனுப்பினார்கள். என் மைத்துனர் ஒருபடி மேலே போய், "அத்தான், இது உங்க கடையா?" என்று கேட்டு அனுப்பியிருந்தார். ஆமாம், நம் கடைதான். "சைனா டூப்ளிகேட்டை மாட்டிவிட்டுப் போயிட்டான், ராத்திரி பூரா மோட்டார் ஓடித் தெருவே ஆறாப் போச்சு" என்று அதில் ஒருவர் சொல்கிறார். பேசியவர் நம் வாடிக்கையாளர் இல்லை, மோட்டார் ஓடிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அவர் திண்ணையில் வைத்திருந்த பட்டாசுப் பெட்டி நனைந்துவிட்டது, கோபம் நியாயம்தான். ஆனால் ராத்திரி பூரா ஓடவில்லை. நாலு மணிக்குப் போட்டு, ஐந்தே முக்காலுக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.

நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நம்மிடம் ஜிக்பீ (வீட்டுச் சாமான்கள் ஒயர் இல்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை) போட்டிருக்கும் எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும்.

அது பழைய காலத்து வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற நீளம். சுவர் ஒன்றரை அடி. ஹப், அதாவது சென்சார் சொல்வதைக் கேட்டு மற்றச் சாமானுக்கு உத்தரவு போடும் பெட்டி, இருப்பது ரேழியில், வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில். மோட்டார் கொல்லையில். தொட்டி கொல்லைப்பக்க மாடியில். தொட்டி நிரம்பினால் மிதவை மேலே வரும், அதோடு சேர்த்த சின்ன சென்சார் "நிரம்பிவிட்டது" என்று ஒரு வார்த்தை சொல்லும், ஹப் மோட்டாரை நிறுத்தச் சொல்லும். இவ்வளவுதான் வேலை. ஆனால் கொல்லையிலிருந்து ரேழி வரை அந்த வார்த்தை ஒரே தாவாகத் தாவாது. நடுவில் ஒருவர் வாங்கிக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் கூடத்தில், ஊஞ்சலுக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட்டில், வெள்ளையாக ஒரு பிளக் சொருகியிருந்தோம்.

நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால் அது ஒரு மதகு. மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும் நடுவில் ஒரு மதகு அடைத்திருந்தால் கடைமடைக்குச் சொட்டு வராது இல்லையா, அந்த மாதிரி.

ஜிக்பீயில் ஒரு வழி அடைத்தால் செய்தி வேறு வழி தேடிக்கொள்ளும் என்று நாங்களே உங்களிடம் சொல்லியிருக்கிறோம். பொய் இல்லை. ஆனால் தேடிக்கொள்ள இன்னொரு வழி இருக்க வேண்டும். செய்தியைக் கை மாற்றிவிடுவது எப்போதும் கரண்டில் இருக்கிற சாமான் மட்டும்தான். பேட்டரியில் ஓடுவதெல்லாம் பேட்டரியைச் சேமிக்கத் தூங்கிக்கொண்டிருக்கும். தனக்கு வேலை வரும்போது விழித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கும். பட்டன் பேட்டரி ஒன்றிரண்டு வருஷம் தாங்குவதன் ரகசியம் அந்தத் தூக்கம்தான். சுவிட்சுகளாவது கை மாற்றலாமே என்றால், அந்த வீட்டு சுவிட்ச் பெட்டிகளில் நியூட்ரல் ஒயரே கிடையாது. பழைய ஒயரிங்கில் பேஸை மட்டும்தான் சுவிட்சுக்கு இறக்கியிருப்பார்கள். நியூட்ரல் இல்லாமல் ஓடுகிற சுவிட்சுகள் பெரும்பாலும் அடுத்தவர் செய்தியைச் சுமக்காது. ஆக, அவ்வளவு பெரிய வீட்டில் ஒரே மதகு அந்தப் பிளக்.

அன்றைக்கு அந்த வீட்டில் தலை தீபாவளி. முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளை போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடியிருக்கிறார். ஊஞ்சல் பக்கத்து சாக்கெட்டில் ஏதோ டப்பா. அதைக் கழற்றி, பத்திரமாக டிவி மேல் வைத்துவிட்டு, சார்ஜரைச் சொருகிவிட்டார். அந்தப் பிளக்கின் முகத்திலேயே ஓட்டை இருக்கிறது, அதிலேயே சொருகியிருக்கலாம். புது வீடு, அவருக்கு எப்படித் தெரியும்? நான் மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை. யாராலும் சொல்ல முடியாது, அதனால்தான் பழி கடைக்கு வந்தது.

விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கொல்லையில் கையால் மோட்டாரைப் போட்டார்கள். தொட்டி நிரம்பியது. சென்சாரும் சொன்னது, நான் போய்ப் பார்த்தேன், அதில் ஒரு பழுதும் இல்லை. மதகு டிவி மேல் இருந்தது. (இப்படி ஏதாவது ஆனால் நாற்பது நிமிடத்தில் மோட்டார் தானாக நிற்க ஒரு டைமர் வைப்போம். அந்த வீட்டில் வைக்க விட்டுப்போயிருந்தது. இப்போது வைத்தாயிற்று.)

இதில் டூப்ளிகேட் எங்கே வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இதே ஊரில் கடை. முதலில் காலிங் பெல், அப்புறம் இன்வெர்ட்டர், அப்புறம் கேமரா, இப்போது இது. விட்ட தவறுக்குக் கோபித்துக்கொள்ளலாம், தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். சரக்கைச் சொன்னால் தாங்க முடியவில்லை. பில் இல்லாமல் ஒரு சென்சார்கூட இந்தக் கடையிலிருந்து வெளியே போனதில்லை. ஜிக்பீ ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு நம் நாட்டில் தனி லைசென்ஸ் வேண்டாம், ஆனால் அதில் இயங்கும் சாமானுக்கு மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு ஒப்புதல் வேண்டும். நாம் விற்பது ஒப்புதல் வாங்கிய சாமான். சான்றிதழ் நகல் கல்லா பக்கத்து ஃபைலில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் உட்பட. சைனா என்பது பாதி உண்மை. உள்ளே இருக்கும் பாகங்கள் நிறைய அங்கிருந்துதான் வருகின்றன. அதை நான் மறைத்தது கிடையாது. ஆனால் சைனா என்றாலே டூப்ளிகேட் என்று அர்த்தமா? என் வீட்டில் ஐந்து வருஷமாக இதே பிளக், இதே சென்சார்தான். என் அம்மா படுக்கிற அறையில் ராத்திரி விளக்கு இதில்தான் எரிகிறது. கட்டிலை விட்டுக் காலை இறக்கினால் கழிவறை வரை மெல்லிய வெளிச்சம் வரும். "நான் எழுந்தா வெளக்கும் எழுந்துக்கிறதுடா" என்பாள். டூப்ளிகேட்டையா பெற்ற தாய் அறையில் மாட்டுவேன்?

அந்தப் பதிவுக்குப் பின்பாட்டாக வேறு இரண்டு செய்தியும் சுற்றுகிறது. ஒன்று, இந்தச் சாமான் வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்கிறதாம். தொட்டி சென்சாரிலும் கதவு சென்சாரிலும் மைக் என்பதே கிடையாது. ஜிக்பீயின் வேகமும் நொடிக்கு 250 கிலோபிட்தான். திற, மூடு, நிரம்பியது, போதும் என்று இரண்டு வார்த்தை பேசுவதற்காகவே 2004இல் வகுத்த முறை இது. தேனீ கூட்டுக்குத் திரும்பி வந்து ஆடிக் காட்டி, பூ இருக்கும் திசையை மற்ற தேனீக்களுக்குச் சொல்லுமே, அதிலிருந்துதான் பெயரே வைத்தார்கள். போகிற வார்த்தையும் 128 பிட் பூட்டுப் போட்டுத்தான் போகிறது. இன்னொன்று, கதிர்வீச்சு. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனை முதலில் எடுத்துக் கீழே வையுங்கள், அப்புறம் இதைப் பேசலாம்.

மேட்டர் வந்துவிட்டதாமே, நம் வீட்டில் இருப்பது வீணா என்றும் கேட்கிறீர்கள். (என்ன மேட்டர் என்று கேட்காதீர்கள், அதன் பெயரே மேட்டர்தான்.) ஜிக்பீக்குப் பொறுப்பான அதே கூட்டமைப்பு 2021இல் பெயரை மாற்றிக்கொண்டு, 2022 அக்டோபரில் வெளியிட்ட முறை அது, வெவ்வேறு கம்பெனிச் சாமான்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது முறை. உங்கள் சென்சார் எதுவும் வீணாகாது. ஹப் அதற்கு ஏற்றதாக இருந்தால் பழையதையும் புதியதையும் அதுவே சேர்த்துவைக்கும். அவசரப்பட்டு ஒன்றும் வாங்க வேண்டாம். கடைக்காரனே சொல்கிறேன்.

இனி ஆள் விஷயம். நம் கடைத் தம்பியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆறு வருஷம் இருந்தவன், ஆவணியில் சிங்கப்பூர் போய்விட்டான். நல்ல சம்பளம், தடுக்க எனக்கு மனசு வரவில்லை. போகிற அன்று உங்களில் நாலைந்து பேர் அவனுக்கு வேட்டியும் பணமும் வைத்துக் கொடுத்ததாகச் சொன்னான். அதற்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சிக்கல் என்னவென்றால், எந்த வீட்டில் எந்தச் சேனல் (ஜிக்பீ செய்தி போகிற தடம்) என்பது பாதி நோட்டில் இருக்கிறது, பாதி அவன் தலையில் இருக்கிறது. ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை பதினாறு சேனல். வைஃபையும் அதே அலைவரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதோடு முட்டாத சேனலாகப் பார்த்து வைக்க வேண்டும். பெரும்பாலும் 25 வைப்போம். பக்கத்து வீட்டில் புதிதாக ஃபைபர் இழுத்து வைஃபை பெட்டி வைத்தால் சில சமயம் நம் வீட்டு சென்சார் திக்கும், மறுபடி பார்க்க வேண்டிவரும். இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சிங்கப்பூருக்குப் போன் போட்டு, "தம்பி, வலங்கைமான் டீச்சர் வீடு எத்தனாம் நம்பர்?" என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே அப்போது பதினொன்றரை தாண்டியிருக்கும். அலுத்துக்கொள்ளாமல் சொல்கிறான்.

அதனால் நீங்கள் கூப்பிட்ட அன்றே வர முடியாமல் போகலாம், இரண்டு மூன்று நாள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வருகைக் கட்டணம் ஊருக்குள் 150 ரூபாய் இருந்தது இனி 250. பாபநாசம், நாச்சியார்கோயில், திருப்பனந்தாள் பக்கமெல்லாம் 350. நூறு ரூபாய்ப் பெட்ரோலில் வேறு வழியில்லை. இலவச சர்வீஸ் இரண்டு வருஷம் என்பது ஒரு வருஷமாகிறது, ஏற்கெனவே போட்ட வீடுகளுக்கும் சேர்த்து.

வீட்டுக்கு வீடு இப்போது செய்துகொண்டிருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் நின்று செய்தி கை மாற்றுகிற பிளக் ஒவ்வொன்றிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம்: "கழற்றாதீர்கள், மோட்டார் நிற்காது." முன்பே ஒட்டியிருக்க வேண்டும்தான். நாங்கள் வருவதற்குள் வீட்டில் விருந்தாளி வந்தால் நீங்களே ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிடுங்கள், அதுவே போதும். டைமரையும் பார்த்து வைக்கிறோம். நியூட்ரல் இழுக்க முடிகிற வீடுகளில் பிளக்குக்குப் பதில் சுவிட்ச் பெட்டிக்குள்ளேயே ஒன்றை உட்கார வைத்துவிடலாம், அது யார் கைக்கும் எட்டாது.

உங்கள் பக்கமும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஹப்பை வைஃபை பெட்டியின் தலைமேல் வைக்காதீர்கள், மூன்று அடியாவது தள்ளி இருக்கட்டும். பிளக்குக்கு முன்னால் இரும்பு பீரோவை நகர்த்தாதீர்கள். ஒரு வீட்டில் மூன்று முறை போய்த் தலையைப் பிய்த்துக்கொண்டேன், கடைசியில் பார்த்தால் ஆடித் தள்ளுபடியில் வந்த புது பீரோ குறுக்கே நிற்கிறது. அடைமழையில் சுவர் ஊறினாலும் சிக்னல் கொஞ்சம் குறையும், காய்ந்ததும் சரியாகிவிடும். ஹப்பை இன்வெர்ட்டர் லைனில் வையுங்கள். கஜா மாதிரி ஒன்று வந்தால் இன்வெர்ட்டரும் உதவாது, அது வேறு. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததைப் பார்த்தவன் நான். அப்போதெல்லாம் குடமும் கயிறும்தான்.

நன்றி சொல்ல எனக்குச் சரியாக வராது. அந்தப் பதிவு வந்த அன்று நேரே கடைக்கே வந்து, "என்னப்பா நடந்தது, நீ சொல்லு" என்று கேட்டுவிட்டு, கேட்டதோடு நிற்காமல் இரண்டு சென்சார் வாங்கிக்கொண்டு போன சுவாமிமலைப் பெரியவரை மறக்க மாட்டேன். துபாயிலிருந்து கூப்பிட்டு, "அப்பா அம்மா வீட்டுக்கு நீங்க போட்டதை யார் சொன்னாலும் கழற்ற வேணாம் அண்ணே" என்று சொன்ன தங்கச்சியையும் அப்படித்தான். சென்சார் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் டிகிரி காபி கொடுத்து, அதிரசம் கட்டிக் கொடுத்து அனுப்பினீர்கள். பை நிறைய பலகாரத்தோடு வீட்டுக்குப் போனபோது, வேலைக்குப் போனீர்களா, தீபாவளி வாங்கப் போனீர்களா என்று என் மனைவி கேட்டாள். நீங்கள் இருக்கிற தைரியத்தில்தான் ஷட்டரைத் தூக்குகிறேன்.

கடை காலை பத்து முதல் இரவு எட்டரை வரை. மத்தியானம் உங்கள் வீடுகளுக்கு வேலைக்குப் போய்விடுவதால் போனை எடுக்க முடியாது. ஏதாவது கோளாறு என்றால் குரல் பதிவாகப் போட்டுவிடுங்கள். தெருக் குழுவில் வேண்டாம், என் எண்ணுக்கு மட்டும்.

என்றும் உங்கள்,
கடைக்காரன், கும்பகோணம்

பி.கு.: நனைந்த பட்டாசுக்குப் பதில் புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டார். பதிவை இன்னும் அழிக்கவில்லை.